புரதத்துக்கு வரைபடம் தந்த பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

கற்பது மாணவராகிய நம் தொழில். ஆனால் கற்றது எங்கே போய்த் தங்குகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

எங்கள் ஊர் நெய்க்காரப்பட்டி. கரும்பு விளைந்து, வெல்லம் காய்ச்சும் ஊர். என் பாட்டனார் ஆலைக் கொட்டகையில் பாகு பதம் பார்ப்பதில் பேர் பெற்றவர். கொதிக்கும் கொப்பரையிலிருந்து ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, இறக்கலாம் என்பார். அவர் சொன்ன நொடியில் இறக்கினால் வெல்லம். தவறினால் பாகு வீண். எந்தப் பள்ளியிலும் அவர் அதைப் படிக்கவில்லை. பத்து வயதில் கற்றது எழுபது வயது வரை அவர் விரல் நுனியில் இருந்தது. கடைசிக் காலத்தில் அந்த விரல்கள் நடுங்கத் தொடங்கின. பார்க்கின்சன் நோய் என்றார் மருத்துவர். பதம் அவருக்கு மறக்கவில்லை. கைதான் சொன்னபடி கேட்கவில்லை.

அந்த நோயைப் பற்றி அறியலாம் என்று நம் கல்லூரி நூலகத்தில் புகுந்தவன், நரம்பிலிருந்து புரதத்துக்கும், புரதத்திலிருந்து ஒரு மனிதருக்கும் வந்து சேர்ந்தேன். அவர்தான் பேராசிரியர் கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன். உலகெங்கும் உயிர்வேதியியல் பயிலும் மாணவர்கள் அவர் பெயரைப் பாடநூலில் படிக்கிறார்கள். அவர் அந்தப் பெயரைப் பெற்ற இடமோ நம் சென்னை. ஆகவே அவருடைய வாழ்க்கையை நம் ஆண்டு மலரில் எழுத விரும்பினேன்.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். அவர் பெயரின் முதலெழுத்து திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கோபாலசமுத்திரம் என்னும் ஊரைக் குறிக்கும். தந்தையார் நாராயண ஐயர், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணிதம் வீட்டிலேயே விளையாட்டுப் போல மகனுக்குப் பழகிற்று. பின்னாளில் அவர் செய்த ஆராய்ச்சி எதுவாயினும், படிகமாயினும் புரதமாயினும், அதன் அடியில் கணிதம் ஓடுவதைக் காணலாம்.

1939-இல் அவர் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்ட வகுப்பில் சேர்ந்தார். திண்டுக்கல்லில் இரயிலேறினால் நாம் எளிதில் போய்ச் சேரும் அதே கல்லூரிதான். 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராகத் தேறினார். அதே ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் சர் சி. வி. இராமன் இருந்தார். அவருடைய ஈர்ப்பினின்று எந்த இளைஞன் தப்ப முடியும்? சில நாட்களிலேயே இராமச்சந்திரன் மின்பொறியியலை விட்டு இராமனுடைய மாணவரானார்.

1947-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்று, இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இரண்டாண்டுகள் எக்ஸ் கதிர்ப் படிகவியல் பயின்றார். படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அது சிதறிப் புள்ளிகளாகப் பதியும். அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடுவதே படிகவியல். 1949-இல் டாக்டர் பட்டத்துடன் பெங்களூர் திரும்பினார்.

சென்னையில் ஒரு புதிய துறை

அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். பல்கலைக்கழகத்தில் புதிதாக இயற்பியல் துறை தொடங்க விரும்பிய அவர், முதலில் இராமனையே அழைத்தார். இராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 1952-இல், முப்பது வயதை ஒட்டிய இளைஞர் ஒருவர் கிண்டி வளாகத்தில் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் அமர்ந்தார்.

இருக்கும் கருவிகளைக் கொண்டு உலகத் தரத்தில் என்ன ஆராயலாம் என்பதே அவர் முன் நின்ற கேள்வி. அச்சமயம் சென்னைக்கு வந்திருந்த ஆங்கில விஞ்ஞானி ஜே. டி. பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகத் தெளியவில்லை என்று சுட்டிக் காட்டினார். கொலாஜன் வேறெங்கும் இல்லை, நம் தோலில், தசைநாணில், எலும்பில் இருக்கிறது. நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழக் கால் பங்குக்கு மேல் அதுதான். திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப் போடுவார்களே, அந்தத் தோலில் பட்டையின் துவர்ப்பு பற்றிக் கொள்வது இந்தக் கொலாஜன் இழைகளைத்தான். அழுகிப் போக வேண்டிய தோல் செருப்பாகி ஆண்டுக் கணக்கில் உழைப்பது அதனால்தான்.

கிண்டி வளாகத்தை அடுத்தே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாயிற்று. கோபிநாத் கர்த்தா என்னும் ஆராய்ச்சியாளரும் துணைக்கு வந்தார். கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் வருகிறது. ஏன் சரியாக மூன்றில் ஒன்று? இதைப் பற்றிச் சிந்தித்த இருவரும், மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பொன்றை 1954-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மறு ஆண்டே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய வடிவைத் தந்தார்கள்.

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாகத் திருகி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் கயிறு பிரியாது. கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடப்புறமாகச் சுழல, மூன்றும் சேர்ந்து வலப்புறமாகச் சுழல்கின்றன. மூன்று புரிகளும் நெருங்கும் நடுவில் இடம் மிகக் குறைவு. அங்கே கிளைசினைத் தவிர வேறு எதுவும் அடங்காது. மூன்றில் ஒன்று கிளைசினாக இருப்பதன் காரணம் இதுவே. பெரும் புகழ் பெற்ற லைனஸ் பாலிங் 1951-இல் சொன்ன கொலாஜன் அமைப்பு தவறாகிப் போயிருக்க, சென்னையில் ஓர் இளம் துறை இதைச் சாதித்தது.

எதிர்ப்பில் பிறந்த வரைபடம்

புகழோடு எதிர்ப்பும் வந்தது. டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் என்னும் இருவரும் 1955-இல் குறை கூறினார்கள். மூன்று சங்கிலி என்பதை அவர்கள் ஒப்புக் கொண்டனர். ஆனால் இராமச்சந்திரன் வரைந்த வடிவில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்பதாகவும், சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டன்று, ஒன்றே என்றும் வாதிட்டனர். பிணைப்பின் எண்ணிக்கையில் அவர்கள் சொன்னதே பிற்காலத்தில் நிலைத்தது. அடிப்படையான முப்புரி வடிவம் சென்னையின் கொடையாக நிலைத்தது.

இந்த இடத்தில்தான் மாணவர்களாகிய நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். பெரிய இடத்திலிருந்து குறை வந்தால் சிலர் சோர்ந்து போவார்கள். சிலர் சண்டைக்கு நிற்பார்கள். இராமச்சந்திரனோ குறையையே கேள்வியாக்கினார். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றால், எது அளவு? இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்க முடியும்? அதுவரை அமைப்பு தெளிவாகத் தெரிந்த சிறு படிகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அணுவுக்கு அணு இடைவெளியைத் தொகுத்தார். வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகிய மாணவர்கள் உடன் உழைத்தனர். கணிப்பொறி மேசைதோறும் இல்லாத காலம் அது.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் சங்கிலி திரும்பக் கூடிய இடங்கள் முக்கியமாக இரண்டே. அந்த இரண்டு கோணங்களுக்கும் பை, சை என்று கிரேக்க எழுத்துகளால் பெயர். ஒன்றைக் குறுக்கிலும் மற்றதை நெடுக்கிலும் வைத்து ஒரு சதுரம் வரைந்தார்கள். எந்தெந்தக் கோணத்தில் அணுக்கள் முட்டிக் கொள்கின்றன, எந்தக் கோணத்தில் முட்டாமல் நிற்கின்றன என்று கணக்கிட்டுக் குறித்தார்கள். ஊர்க் கணக்குப்பிள்ளையின் வரைபடத்தில் குடியிருக்கத் தக்க நிலம் எது, ஆகாத நிலம் எது என்று பிரித்திருப்பது போல், சதுரம் இரண்டாகப் பிரிந்தது. சங்கிலி குடியிருக்கத் தக்க பகுதி ஏறத்தாழக் கால் பங்கே, மற்றதெல்லாம் தரிசு! இடப்புறம் கீழே ஆல்பா சுருளுக்கு ஓரிடம். இடப்புறம் மேலே பீட்டா தகட்டுக்கு ஓரிடம். 1963-இல் வெளியான அந்தப் படமே இராமச்சந்திரன் வரைபடம்.

அன்று புரதங்களின் அமைப்பு தெரிந்தது மிகச் சிலவற்றுக்கே. இன்று இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உலகப் புரதத் தரவு வங்கியில் உள்ளன. எந்த நாட்டு ஆய்வுக்கூடம் புதிய புரத அமைப்பைக் கண்டாலும், அது சரிதானா என்று சோதிக்க முதலில் இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

நினைவும் ஒரு வடிவமே

தோலுக்கும் நினைவுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். இரண்டும் புரதத்தின் வடிவத்தால் நிற்பவை என்பதே விடை.

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒன்று மற்றொன்றைச் சந்திக்கும் இடத்துக்கு சைனாப்ஸ் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. இக்கரையிலிருந்து வேதிப்பொருள் வெளிப்பட்டு அக்கரையிலுள்ள ஏற்பிப் புரதங்களைத் தொடுகிறது. இருகரையிலிருந்தும் கை நீட்டிப் பற்றிக் கொண்டு சந்திப்பைப் பிரியாமல் காக்கும் புரதங்களும் உண்டு. அக்கரையில் முள் போன்ற சிறு புடைப்பு; அதன் உள்ளே ஆக்டின் என்னும் புரத இழைகள் கூரைக்கு மூங்கில் போல் நிற்கின்றன. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் பயிலும்போது, அதற்குரிய சந்திப்புகளில் ஏற்பிகள் கூடுகின்றன, புடைப்பு பருக்கிறது, சந்திப்பு வலுப்படுகிறது. என் பாட்டனார் பாகு பதம் கற்றதும், நாம் தேர்வுக்குப் படிப்பதும் இந்த வழியில்தான்.

ஒரு புரதத்தின் ஓரிடம் மாறினால் என்ன ஆகும்? சைனாப்ஸில் காம்கைனேஸ்-2 என்னும் நொதி ஏராளமாக உண்டு. பன்னிரண்டு உறுப்புகள் வட்டமாகக் கூடிய புரதம் அது. கால்சியம் உள்ளே வந்ததும் விழித்துக் கொண்டு, பக்கத்து உறுப்பையும் தட்டி எழுப்பும். கால்சியம் போன பிறகும் சிறிது நேரம் உறங்காது. அந்தச் சங்கிலியிலுள்ள நானூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிய சுண்டெலிகளை 1998-இல் சோதித்தார்கள். அவற்றால் நீரில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தைக் கற்றுக் கொள்ள இயலவில்லை. நானூறுக்கு ஒன்று, அதில் தொலைந்தது கல்வி!

வரலாற்றில் ஓர் அழகிய திருப்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கொலாஜனில் இராமச்சந்திரனை எதிர்த்த அதே கிரிக், பிற்காலத்தில் மூளை ஆராய்ச்சிக்கு வந்தார். 1984-இல் நேச்சர் இதழில் ஒரு கேள்வி எழுப்பினார். மூளையிலுள்ள புரதங்கள் பெரும்பாலும் நாட்கணக்கில் அழிந்து புதிதாகின்றன. அப்படியிருக்க நினைவு மட்டும் எப்படி ஆயுள் முழுதும் நிற்கிறது? மூலக்கூறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மாறாமல் ஒன்றொன்றாக மாறினால், மொத்த நிலை கெடாது என்பது அவர் சொன்ன வழி. பழனியில் தேர் இழுப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. வடம் பிடித்தவர் களைத்து விலக, அந்த இடத்தில் வேறொருவர் கை வைக்கிறார். கைகள் மாறுகின்றன, வடம் தரையில் விழுவதில்லை. பக்கத்து உறுப்பைத் தட்டி எழுப்பும் காம்கைனேஸ்-2 இந்தக் கருத்துக்குப் பொருந்துவதாகப் பலர் எண்ணினர். அது ஒன்றே முழு விடையா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இராமச்சந்திரனின் முப்புரியும் நரம்புச் சந்திப்பில் இடம் பெற்றுவிட்டது. நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில், அசிட்டைல்கோலின் என்னும் செய்திப் பொருளை உடனுக்குடன் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அது மிதந்து போகாமல் அந்த இடத்தில் கட்டி வைத்திருப்பது கொலாஜனைப் போன்றே மூன்று புரி முறுக்கிய வால். நாம் விரலை மடக்கி நீட்டுவதிலும் அந்தச் சென்னைக் கயிறு இருக்கிறது.

பிற்கால வாழ்வு

1969-இல் இலட்சுமணசாமி முதலியார் துணைவேந்தர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு இராமச்சந்திரனும் சென்னையை விட்டு நீங்கி, பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1971-இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர்ப் பதிவுகளிலிருந்து பொருளின் உள் உருவத்தைக் கணக்கிடும் முறை ஒன்றை வெளியிட்டார். அதே 1971-இல்தான் இலண்டனில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாக ஸ்கேன் கருவியில் படமாயிற்று. பின்னாளில் ஸ்கேன் கருவிகள் உருவத்தைக் கணக்கிட இந்த வகை முறையே பெரிதும் பயன்பட்டது. அணுவின் இடைவெளியை அளந்த அதே கணிதம் மண்டையோட்டைத் திறக்காமல் மூளையைக் காட்டவும் உதவியது.

1961-இல் பட்நாகர் பரிசு, 1977-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி, 1999-இல் உலகப் படிகவியல் சங்கத்தின் இவால்டு பரிசு ஆகியவை அவரை வந்தடைந்தன. நோபல் பரிசு வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பார் பலர். ஆனால் ஒவ்வொரு நாளும் உலகின் ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் அவர் பெயரைச் சொல்லித் தம் வேலையைச் சரிபார்க்கிறாரே, அது எத்தனை பரிசாளர்களுக்குக் கிட்டிய பேறு?

1998-இல் அவருடைய துணைவியார் மறைந்தார். அந்தப் பிரிவு அவரை மிகவும் தளர்த்தியது. முதுமையில் அவரைப் பார்க்கின்சன் நோயும் பற்றியது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது 78.

இதைப் படித்தபோது என் பாட்டனாரின் கை நினைவுக்கு வந்தது. அந்த நோயில் ஆல்பா சினூக்ளின் என்னும் புரதம் சம்பந்தப்பட்டிருப்பதாக 1997 முதல் தெரியவந்துள்ளது. நரம்பணு செய்தியை வெளியிடும் கரையில், அதாவது சைனாப்ஸின் இக்கரையில், வாழும் புரதம் அது. சாதாரண நிலையில் அதற்குக் கட்டுறுதியான வடிவம் இல்லை. நோயில் அது தகடுகளாக மடிந்து, பாலில் உறை விழுந்தது போல் ஒன்றோடொன்று கோத்துத் திரள்கிறது. அந்தத் தகட்டு வடிவத்துக்கு இராமச்சந்திரன் வரைபடத்தில் இடப்புறம் மேலே உரிய இடம் உண்டு. விதி அனுமதித்த வடிவம்தான். ஆனால் அனுமதித்த வடிவமெல்லாம் நன்மை செய்யும் வடிவமாகி விடாது. எவையெவை இயலும் என்று உலகுக்கு வரைந்து காட்டியவரை அந்த இயலும் வடிவங்களில் ஒன்றே வருத்தியது.

இதை விதியின் கொடுமை என்று பெருமூச்சு விட்டு முடித்துவிட எனக்கு மனமில்லை. இன்று அந்தத் திரளின் அமைப்பைக் கண்டறிந்து, அதைக் கலைக்கும் மருந்து தேடும் விஞ்ஞானிகள், தம் படத்தைச் சரிபார்க்க அவருடைய வரைபடத்தையே கையில் எடுக்கிறார்கள். அவர் மறைந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகியும், அவரை வருத்திய நோயோடு அவர் இன்னும் போரிடுகிறார் என்றே நான் கொள்கிறேன்.

தோழர்களே, அவர் கேட்டது ஒரு சிறிய கேள்வி: இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதைக் கேட்க வைத்தது ஒரு குறை. நம் ஆய்வகத்தில் கருவி குறைவு, நம் ஊர் சிறியது என்று நாமும் பல வேளை சொல்லிக் கொள்கிறோம். பக்கத்துக் கட்டடத்தில் கிடைத்த தோலும், பென்சிலும், பொறுமையும் கொண்டு புரதத்தின் வரைபடத்தைத் தீட்டிய ஒருவர் நம் மாநிலத்துக் கல்லூரியில் படித்து, நம் மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் உழைத்தவர். அடுத்த முறை உயிர்வேதியியல் நூலில் அந்தச் சதுரப் படத்தைக் காணும்போது, தேர்வுக்குரிய ஒரு கேள்வியாக மட்டும் எண்ணிப் புரட்டிவிடாமல் அதைச் சற்றே நின்று பாருங்கள். அப்படிப் பார்த்ததை நினைவில் வைக்க உங்கள் மூளையில் வலுப்படும் சந்திப்பு ஒவ்வொன்றிலும், அந்தப் படத்தின் விதிக்கு அடங்கிய புரதங்களே வேலை செய்துகொண்டிருக்கும்.